நானூற்றுப் பன்னிரண்டு சோப்புப் பெட்டிகள்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து வலது உள்ளங்கையை உள்ளே நீட்டி மூன்று எண்ணுவார். பிறகு இத்தனை டிகிரி என்று சொல்வார். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அரை டிகிரிக்கு மேல் பிசகியிருக்காது. "காலேஜ் வாசலை மிதிக்காமலே டிகிரி வாங்கின ஆளு" என்று பக்கத்து சலவைக் கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். டிகிரியும் சேர்ந்து சிரிப்பார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி பட்டறை. உள்ளே எந்த நேரமும் கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள் மூன்று நிற்கும். முப்பத்தொரு வருடம் அங்கே வேலை செய்தவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு ஒரே முறைதான் கூலி. அவர் செய்த வேலை பிறகு கெட்டுப்போனால் கூலி வாங்காமல் போய்ச் சரிசெய்து கொடுப்பார். "நான் வச்ச கை, நான்தான் பாக்கணும்" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

இவர் ஏன் பெட்டி செய்யப் போனார் என்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஊர் அறிந்தது இது. பெரிய சாலை முனையில் மருந்துக்கடை வைத்திருந்த அக்கா, மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் போனார். நான்காம் நாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது ஃப்ரிட்ஜ் உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி இருந்தது. இன்சுலின், கண் சொட்டு மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு மருந்துகள் வீண். கம்ப்ரசரை ஓட்டும் ரிலே என்ற சின்னப் பாகம் எரிந்திருந்தது. பூட்டிய கடைக்குள் ஃப்ரிட்ஜ் செத்தால் யாருக்குத் தெரியும் என்று யோசித்து யோசித்து, ஃப்ரிட்ஜின் குளிரைப் போனுக்குச் சொல்லும் ஒரு பெட்டியை டிகிரி செய்தார் என்பது ஊர்ப் பேச்சு.

ஊர் அறியாதது இது. விடுமுறைக்கு முந்தைய நாள் அந்த ஃப்ரிட்ஜைத் துடைத்துச் சரிபார்த்தவர் டிகிரிதான். ரிலே அரை நொடி தாமதமாக 'டிக்' என்றதை அவர் காது கேட்டது. புது ரிலே கையில் இல்லை. அக்காவும் அந்த மாதம் கைமுடையில் இருந்தார். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று வாயைத் திறக்காமல் வந்துவிட்டார். மருந்தெல்லாம் கெட்ட பிறகு அக்கா திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

பெட்டியைச் செய்யக் கூட நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிரை அளக்கும் சென்சாரும் சின்ன சர்க்யூட் பலகையும் வைக்க உறை தேடியபோது, கடையில் விற்கும் பயணச் சோப்புப் பெட்டி சரியாகப் பொருந்தியது. பச்சை நிறம் மலிவு என்று பச்சையிலேயே வாங்கினார்கள். கடைசி வரை அதற்குச் சோப்புப் பெட்டி என்றே பெயர்.

"பெட்டி நேரா போனுக்குப் பேசாது அத்தான்" என்றான் மச்சினன். "நடுவுல ஒருத்தன் வேணும். எல்லாப் பெட்டியும் சொல்றதை அவன் கேட்டு எழுதி வச்சுக்குவான். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லுவான். அதுக்குப் பேர்தான் பிளாட்ஃபாரம்."

"தபால் ஆபீஸ் மாதிரி."

"ஆமா. முதல் நூறு பெட்டிக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம்."

"நூத்தியொண்ணாவது பெட்டிக்கு?"

"முதல்ல நூறு விக்கட்டும். அப்ப பாத்துக்கலாம்."

"நாமளே அந்த ஆபீஸை வச்சுக்கிட்டா என்ன மாப்ள?"

"அதுக்கு நாலு பேர் ரெண்டு வருஷம் உக்காந்து எழுதணும். இங்க நான் ஒருத்தன், அதுவும் சாயங்காலம் மட்டும்."

பிறகு போனில் என்ன தெரிய வேண்டும் என்ற பேச்சு வந்தது. மச்சினன் திரையில் ஒரு எண்ணைப் போட்டுக் காட்டினான். கால் மணிக்கு ஒருமுறை மாறும் எண். டிகிரி போனைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"செத்தவங்க போட்டோ மாதிரி இருக்கு."

"கால் மணி நேரத்துல ஃப்ரிட்ஜ் எழுந்து ஓடியா போயிடும்?"

"கடைக்காரன் போனை எடுத்துப் பாத்தா ஊசி ஆடணும் மாப்ள. ஆடினாத்தான் உள்ள உயிர் இருக்குன்னு நம்புவான். கேஸ் அளக்க நான் கேஜ் மாட்டினா எதைப் பாக்குறேன்? ஊசியைத்தான். ஊசி நின்னா கம்ப்ரசர் நின்னுபோச்சு."

மச்சினன் மூன்று நாள் மறுத்துப் பார்த்தான். நான்காம் நாள் வட்டமான கடிகாரம் போல ஒன்றை வரைந்து, ஊசி வைத்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை பெட்டி பேசும்படி செய்தான். கதவு மூடியிருக்கும்போதும் ஊசி லேசாக நடுங்கும்படி ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்கைக்கூடக் காட்டினான். டிகிரி அதை மனைவியிடம் எடுத்துப்போய்க் காட்டினார். அவர் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். எதையும் சட்டென்று புகழ்கிற பழக்கம் இல்லாதவர்.

"நல்லாத்தான் ஆடுது" என்றார்.

முதல் பெட்டி அக்காவின் கடைக்குப் போனது. அதற்கு டிகிரி காசே வாங்கவில்லை. மற்றப் பெட்டிகளின் மூடியில், தன் கையாலேயே எழுதி நகல் எடுத்த சீட்டு ஒன்றை ஒட்டினார். "ஒரே விலை. மாதக் காசு கிடையாது." அவருக்கு அது விளம்பரம் அல்ல. அவர் வழக்கம் அதுதான்.

கடைக்காரர்களுக்கு ஊசி பிடித்துப்போனது. பேக்கரிக்காரர் வாடிக்கையாளரிடம் போனை நீட்டிக் காட்டுவார். பூக்கடைக்காரர் சாப்பிடும்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். இறைச்சிக் கடைக்காரர், "பொண்டாட்டி முகத்தைவிட உங்க ஊசியைத்தாண்ணே அதிகம் பாக்குறேன்" என்றார். இருநூறாவது பெட்டி விற்ற வாரம் மச்சினன் கல்லூரி வேலையை விட்டான். டிகிரியின் மனைவி ஒரு நீள நோட்டில் பெட்டி எண், கடை, மாட்டிய நாள், போன் எண் என்று நான்கு கோடு போட்டு எழுதிவந்தார்.

நூற்றியொன்றாவது பெட்டியிலிருந்தே பிளாட்ஃபாரக்காரன் பெட்டிக்கு இவ்வளவு என்று மாதம் வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டிக்கு அரை டீ விலைதான் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இருநூற்று முப்பத்தாறாவது பெட்டி போன மாதம் அவன் கணக்கு முறையை மாற்றினான். அந்த மாத பில் வந்த அன்று, நடுப்பகலில், மச்சினன் பட்டறைக்கு வந்து கவிழ்த்துப் போட்ட தகர டப்பாமேல் உட்கார்ந்தான்.

"ஒரு பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேசுதுன்னு நெனக்கிறீங்க அத்தான்?"

"பேசட்டுமே. வாய் வலிக்கவா போகுது?"

"பதினேழாயிரத்து இருநூத்து எண்பது தடவை. நம்ம பெட்டி மொத்தமும் சேத்தா நாப்பது லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து எண்பது. ஒவ்வொண்ணையும் இப்ப எண்ணுறாங்க."

டிகிரி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ஒரு பெட்டி வித்தா நமக்கு நிக்கறது ஏழு மாசத்துல கரைஞ்சுடும். எட்டாவது மாசத்துலேர்ந்து நம்ம கைக்காசு. அது எத்தனை வருஷம் ஓடுதோ அத்தனை வருஷமும்."

"இன்னும் நெறைய வித்தா?"

"இன்னும் நெறைய போகும்."

சலவைக் கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனை வந்துகொண்டிருந்தது. மச்சினன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கடைக்கு மாசம் ரெண்டு டீ காசு கேட்டா போதும் அத்தான். யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க."

"சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"சீட்டு நாம எழுதினதுதானே."

"அதனாலதான் சொல்றேன்."

அன்று மாலை மனைவியும் கேட்டுப் பார்த்தார். "ஏங்க, வாக்கு குடுத்தது நீங்க. அந்தப் பிளாட்ஃபாரம் குடுக்கலையே." டிகிரி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அக்கா கடைப் பெட்டிக்கு மாதக் காசு கேட்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒருவரிடம் கேட்காமல் மற்றவர்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகவும் படவில்லை. இதை வெளியே சொன்னால் ரிலே கதையையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வழி இருந்தது. பெட்டி பேசும் இடைவெளியை இங்கிருந்தே நீட்டிவிடலாம். ஒரு திங்கட்கிழமை மச்சினன் ஐந்து நொடியைக் கால் மணி ஆக்கினான். அன்று மட்டும் அறுபத்தெட்டு அழைப்புகள் வந்ததாக மனைவியின் நோட்டில் இருக்கிறது. "உங்க ஊசி செத்துடுச்சு", "ஊசி தூங்குது", "ஏமாத்திட்டீங்களே அண்ணே". ஊசியை நம்பச் சொல்லிக் கொடுத்தவரே இப்போது ஊசியைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் டிகிரியே தாங்க மாட்டாமல், "ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ஆடட்டும் மாப்ள" என்றார். ஆடியது. பில்லும் கூடவே ஏறியது.

பிறகு ஒன்றே முக்கால் வருடம் அவர்கள் ஓட்டினார்கள். டிகிரி காலை ஆறு மணிக்கே பட்டறையைத் திறந்தார். பகல் முழுக்கப் பழுது பார்த்து வந்த கூலி பெட்டிகளின் பேச்சுக்குப் போனது. மச்சினன் பதினான்கு மாதம் சம்பளம் எடுக்கவில்லை. வந்து கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் பெட்டிகள் நானூற்றுப் பன்னிரண்டு ஆயின. ஒரு மாதம் பணம் கட்ட நான்கு நாள் தாமதமானபோது பிளாட்ஃபாரக்காரன் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தான். மனைவி பள்ளியின் மதிய இடைவேளைகளில் கடை கடையாகப் போன் செய்து, இந்த நான்கு நாள் நீங்களே ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சிலர் கத்தினார்கள். மருந்துக்கடை அக்கா மட்டும், "சரிம்மா, பாத்துக்கறேன். நீ சாப்டியா?" என்றார்.

நான்கு மாதம் கழித்து பிளாட்ஃபாரக்காரனிடமிருந்து மெயில் வந்தது. சிறிய நிறுவனங்களுக்கான திட்டம் அறுபது நாளில் முடிகிறது. தொடர விரும்பினால் குறைந்தபட்ச ஆண்டுத் தொகை இவ்வளவு. உங்கள் வளர்ச்சியில் பங்குகொண்டதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. அந்தத் தொகையில் பட்டறை இருந்த கட்டிடம் முழுவதையும் மூன்று வருடம் வாடகைக்கு எடுக்கலாம்.

"வேற இடத்துக்கு மாத்திக்க முடியாதா?" என்றார் டிகிரி.

"பெட்டிக்குள்ள இவன் விலாசத்தைத்தான் எழுதி வச்சிருக்கேன். அதை இங்கேர்ந்து மாத்த ஒரு வசதி உண்டு. அது பெரிய திட்டத்துலதான் வரும். செலவு மிச்சம்னு அன்னிக்கு வேண்டாம்னுட்டோம்." அவன் குரல் இறங்கியது. "ஒவ்வொரு பெட்டியையும் கையால திறக்கணும். புது இடத்துக்கு எல்லாத்தையும் திருப்பி எழுத எனக்கு ஆறு மாசம் ஆகும். அங்கேயும் நூறு பெட்டிதான் சும்மா. என்னால முடியல அத்தான்."

அவனுக்கு வேறு ஊரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் இரண்டாவது குழந்தை. அதைச் சொல்ல அவன் பத்து நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தான் என்பது டிகிரிக்குத் தெரியும்.

"எம்மேல கோவமா?"

"உம்மேல எதுக்கு? ஊசி கேட்டது நான்."

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டிக்குள் எந்தக் கம்பியை வெட்ட வேண்டும், எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தான். வெளியே பேசுவதை நிறுத்திவிட்டு, குளிர் குறைந்தால் பெட்டி தானே கத்தும்படி ஒரு பஸரை உள்ளே வைக்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். அறைக் கதவு திறந்திருந்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

டிகிரி நானூற்றுப் பன்னிரண்டு பஸர் வாங்கினார். நாளுக்கு ஏழு கடை. ஒரு நாளும் விடாமல் போனால் ஐம்பத்தொன்பதாம் நாள் முடியும். மனைவி நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டார்.

பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி ஏறிப் போனார். இருபத்து மூன்று கடைகள் மூடிப்போய், கடையாகவே இல்லை; நோட்டில் அவற்றுக்கு நேரே சின்ன வட்டம் போட்டார்கள். முப்பத்தொரு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தார். பூக்கடைக்காரர், "விடுங்கண்ணே, அந்த ஊசியைப் பாத்துப் பாத்து கண்ணாடி போட்டதுதான் மிச்சம். இனிமே காதால கேக்கறேன்" என்று தோளைத் தட்டினார். இறைச்சிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. "வாங்கும்போது கடைசி வரைக்கும்னீங்க" என்றார். டிகிரி ஏணியில் நின்றபடி, "சொன்னேன்" என்றார்.

மருந்துக்கடையை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். நோட்டில் அது முதல் வரி. ஐம்பத்தொன்பதாம் நாள் பிற்பகல் நான்கு மணிக்கு உள்ளே போனார். அக்காவுக்கு இப்போது மூட்டுவலி. நாற்காலியில் இருந்தே, "வாங்க தம்பி, எளைச்சுட்டீங்களே" என்றார். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் பச்சைச் சோப்புப் பெட்டி நிறம் வெளுத்து ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில், தண்ணீர் பாட்டில் வரும் அட்டைப்பெட்டி ஒன்று ஃப்ரிட்ஜோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கை போக இடம் வேண்டும் என்று டிகிரி அதை நகர்த்தினார்.

"அதை இருக்க விடுங்க" என்று அக்கா எழுந்தார். எழுவதற்குள் நகர்த்தியாகிவிட்டது.

அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வெள்ளையாக இன்னொரு பெட்டி. வழவழவென்று, ஒரு விளிம்புகூடத் துருத்தாமல். அதன் சின்னத் திரையில் 4.1 என்று இருந்தது. ஊசி இல்லை.

"எப்ப மாட்டினீங்க?"

"அந்த நாலு நாள் நின்னுச்சே, அந்த வாரம். பயமா இருந்துச்சு தம்பி. நீங்க வரும்போதெல்லாம் அட்டையை வச்சு மறைச்சுடுவேன். உங்க மனசு கஷ்டப்படும்னு."

"மாசக் காசா?"

அக்கா தொகையைச் சொன்னார். இரண்டு டீ விலைகூட இல்லை, ஒன்றரை டீ.

"அதை உங்களுக்கே குடுத்திருப்பேனே" என்றார் அக்கா. "எனக்கு மட்டும் சும்மா குடுத்தீங்கன்னு நானும் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஏதாவது வாங்கிக்கோங்கன்னு. எல்லாருமே குடுத்திருப்பாங்க. நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கவே இல்ல?"

டிகிரி பஸரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, கடைக்கு வந்தவரிடம் விலை சொல்வதைப்போல சாதாரணக் குரலில் சொன்னார்.

"அந்த லீவுக்கு மொத நாள் ரிலே சத்தம் எனக்குக் கேட்டுச்சு அக்கா. மாத்தணும்னு தெரியும். சொல்லாமப் போயிட்டேன்."

வெளியே ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது. அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

டிகிரி தலையாட்டினார்.

"நீங்க அன்னிக்குச் சொல்லியிருந்தாலும், லீவு முடியட்டும் தம்பி, அப்புறம் மாத்திக்கலாம்னுதான் நான் சொல்லியிருப்பேன். அந்த மாசம் என் கையில என்ன இருந்துச்சு?"

அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று டிகிரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் முகத்தில் அதற்கு அடையாளம் எதுவும் இல்லை.

"இந்தப் பச்சைப் பெட்டியை எடுத்துடவா?"

"எதுக்கு? அதுவும் இருக்கட்டும். கடை திறந்திருக்கும்போது கத்தட்டும்."

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து வேலை செய்தார். மூடியிலிருந்த சீட்டு பழுப்பேறி ஓரம் கிழிந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து மடித்துப் பைக்குள் போட்டார். கம்பியை வெட்டினார், பஸரை ஒட்டினார், சென்சாரை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினார். பஸர் வீறிட்டது. கையை எடுத்ததும் அடங்கியது. கதவை மூடி இரண்டு நிமிடம் விட்டுத் திறந்து, கையை உள்ளே நீட்டி மூன்று எண்ணினார்.

"அஞ்சரை" என்றார். "இப்ப எறங்கிடும்."

அக்கா வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். அதில் இன்னும் 4.1 என்றே இருந்தது. கால் மணிக்கு ஒருமுறைதான் அது மாறும். டிகிரி பையைத் தோளில் மாட்டியும் போகாமல், அந்த எண் எப்போது மாறும் என்று பார்த்தபடி நின்றார். இருமல் மருந்து கேட்டு ஒரு பெண் வந்து ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றார். டிகிரி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, படியிறங்கினார்.